சிதம்பரத்தில் காலைக் காட்சி

மகள் எழிலரசி நடித்த படத்தைக் கடலூரில் பார்ப்பதில்லை என்று புஷ்பவள்ளி முடிவு செய்திருந்தாள். தேவனாம்பட்டினத்துச் சொந்தங்கள் திரையரங்கில் பாதி இருக்கைகளைப் பிடித்துவிட்டார்கள். அவள் அண்ணன் தாண்டவராயன் வாசலில் ஆளுயரப் பதாகையே வைத்துவிட்டார். எழிலரசி திரையில் தும்மினாலும் விசிலடிக்கும் கூட்டம் அது. அந்தக் கைதட்டலை நம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்க முடியாது.

"ஊரே இங்க பாக்குது, நீ சிதம்பரம் போறியா? இன்னா கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?"

"அங்கதாண்ணா என்னை யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள்.

எழிலரசி ஏழு வயதில் ஒரு படத்தில் நடித்தாள். பையன் வேடம், பெயர் பூசணி. கன்னத்தை உப்பிக்கொண்டு, "அய்யே, எனக்கு இன்னும் பசிக்குது!" என்று அவள் சொன்ன வசனம் தமிழ்நாடெங்கும் பரவிற்று. வரமாக வந்தது சாபமாக நிலைத்தது. பள்ளியிலும் பூசணி, கல்லூரியிலும் பூசணி. வாய்ப்புக் கேட்டுப் போன இடங்களில், "அந்த வசனத்தை ஒருதரம் சொல்லு பாப்பா" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். இப்போதுதான் ஓர் இயக்குநர் அவளைக் கதாநாயகியாக்கியிருந்தார்.

"ஜனங்க இன்னும் பூசணியத்தான் பாக்குறாங்கன்னா விட்டுடுவேம்மா. பேங்க் பரிச்சைக்குப் படிக்கப் போறேன். இன்டர்வெல்ல பேசுறேன். பொய் சொல்லக் கூடாது" என்று சென்னையிலிருந்து மகள் சொல்லியிருந்தாள்.

திரையில் எழிலரசியின் பெயர் தோன்றியதுமே முன்வரிசைக் கல்லூரிப் பையன்கள் எழுந்து நின்றார்கள்.

"டேய் மச்சான், நம்ம பூசணிடா!"

"பூசணி, பசிக்குதா? பப்ஸ் வாங்கியாரட்டுமா?"

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. புஷ்பவள்ளி இருக்கையில் குறுகி உட்கார்ந்தாள்.

படத்தில் எழிலரசி பெண் காவலர். அவள் தொப்பியைச் சரிசெய்தாலும் சிரித்தார்கள். தண்ணீர் குடித்தாலும் சிரித்தார்கள். பிறகு அந்தக் காட்சி வந்தது. ஊரில் கலவரம். மருத்துவமனையின் பிணவறை வாசலில், யாரையும் உள்ளே விடக் கூடாது என்ற உத்தரவுடன் அவள் காவல் நிற்கிறாள். உள்ளே கிடப்பவன் அவளுடைய தம்பி. கம்பிக் கதவுக்கு வெளியே, கூட்டத்தின் முன்னால் நின்று, "ஒரு தடவ மொகத்தப் பாக்க வுடுடி" என்று கெஞ்சுகிறாள் அவர்களைப் பெற்ற தாய்.

எழிலரசி அழவில்லை. லத்தியைப் பிடித்த கை அசையவில்லை. பார்வை தாயின் முகத்துக்கு மேலே எங்கோ நின்றது. பிறகு மெல்ல, தன்னையும் மீறி, கீழே இறங்கி வந்தது. அரங்கத்தில் மின்விசிறிகளின் ஓசை கேட்டது. பின்வரிசையில் யாரோ செருமியபோது, முன்வரிசையிலிருந்து ஒருவன் திரும்பி, "வாய மூட்றா" என்று அதட்டினான்.

புஷ்பவள்ளி கைப்பையை இறுகப் பற்றியிருந்தாள். அந்த உடலுக்குக் காய்ச்சல் வந்த நாள்களெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய துயரத்தை இவள் எங்கே வைத்திருந்தாள்? தன் வீட்டுக் கூரையின் கீழ், தன் கையால் சோறு தின்றுகொண்டா? பெற்றவளுக்கு மெய்சிலிர்த்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது.

இடைவேளை விளக்குகள் எரிந்தும் சிறிது நேரம் யாரும் எழவில்லை.

"கண்ணுல தூசி வுழுந்துடுச்சுடா" என்றான் பப்ஸ் பையன்.

"ரெண்டு கண்ணுலயுமா ஹரிஷு?"

"போடா... அந்தப் பொண்ணு பேரு இன்னா?"

"எழிலரசி."

கைப்பேசி அதிர்ந்தது. புஷ்பவள்ளி வெளியே ஓடி வந்தாள்.

"சிரிச்சாங்களாம்மா?"

"சிரிச்சாங்க."

"அப்ப பேங்க் பரிச்சைதானா?"

"மொதல்லதாண்டி. அந்த வாசல்ல வந்து நின்னப்புறம் ஒருத்தனும் மூச்சு வுடல. ஓட்டுன பய ஒருத்தன் கண்ணத் தொடைக்கிறான்."

"நெஜமாவா? சத்தியமா?"

"சத்தியமா. ஆமா, அவ கதவத் தொறந்து வுடுவாளா, மாட்டாளா?"

"அம்மா! அவ நாந்தாம்மா!"

உள்ளே மணி அடித்தது.

"சொல்லிடாத, சொல்லிடாத! நானே பாத்துக்குறேன். படம் போட்டுட்டான், வைய்யி!"

மகளின் அழைப்பைத் துண்டித்துவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள் புஷ்பவள்ளி.