நான் பார்க்காத காம்பியா

காம்பியாவை நான் பார்த்ததில்லை கண்ணுகளா. பெங்களூர் பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிறவள் நான். ஆனாலும் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய இயர் புக்குகளைப் படித்துவிட்டு, எங்கள் சிப்காட் லைன் வீடுகளில் உலக விஷயம் சொல்கிறவள் என்று பேர் வாங்கி வைத்திருந்தேன். படிப்பு ஐந்தாவது. பேர்தான் பெரியது.

அந்தப் பேரை நம்பித்தான் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் வந்தாள். அவள் புருஷன் ஜெகதீஷ் எண்ணெய் ஆலைகளுக்கு மெஷின் பொருத்துகிறவன். காம்பியாவில் கடலை எண்ணெய் ஆலை போடுகிறார்களாம். வீடு தருகிறோம், குடும்பத்தோடு வந்தாலும் சரி என்று கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

“யம்மா, அவுக போனா நான் ஒத்தையில கெடக்கணும். கூடப் போகவும் பயமா இருக்கு. நீங்க சொன்னா கேப்பாக. அந்த ஊரப் பத்திப் பயங்கரமாச் சொல்லி விடுங்க.”

“அவ்ளோதான? நடுங்க வெச்சிடறேன் போ,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியருகே ஜெகதீஷை உட்கார வைத்தேன். பேச்சியும் லைன் வீட்டு ஜனங்களும் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

“ஒரே ஒரு ஆறுப்பா. அதுக்கு ரெண்டு கரை. அவ்ளோதான் நாடே. மூணு பக்கமும் செனகல், ஒரு பக்கம் கடல்.”

அடிமைகளைக் கப்பல் ஏற்றிய தீவைச் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா?

கேட்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று எதையும் நம்ம ஊரோடு சேர்த்துச் சொல்வது என் பழக்கம். ஆற்றை இங்கிலீஷ்காரன் பிடித்தான், சுற்றிலும் பிரெஞ்சுக்காரன் பிடித்தான். நம்ம ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டினால் கன்னடம் மாதிரி அங்கே எல்லை தாண்டினால் பிரெஞ்சு என்றேன். பேரிகைச் சந்தை மாதிரி ஒரே தெருவில் நாலு பாஷை. சாமல்பட்டிப் பக்கம் மாதிரி ஆடி மழைக்குக் கடலை. மாமரம் வேறு. கடலையை அரைத்துக் குழம்பு வைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள் என்று சொல்லும்போது நானே எச்சில் விழுங்கினேன்.

லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரர் கங்கப்பன் மாடியிலிருந்து குரல் கொடுத்தார். “நாராயணம்மா, தாலுகா ஆபீசுக்கே தொணைக்கு ஆள் கேக்கற நீ. ஆப்பிரிக்காவுக்கு எப்ப போயி வந்த?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜெகதீஷ் மட்டும் யோசித்தான். “எல்லாம் இங்க மாதிரியேதான்னா அம்புட்டுத் தூரம் எதுக்குப் போகணும்? வேண்டாம்னு சொல்லிருவோம்.”

ஜெயித்துவிட்டேன் என்று பேச்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“கடலக் கொழம்பு, சோறு, ஆடி மழ. இதுல பயப்பட என்னங்க இருக்கு?” என்றாள் அவனிடம். “நானும் வாரேன். சரின்னு சொல்லுங்க.”

நடுங்க வைக்கப் போனவள் பெட்டி கட்ட வைத்தேன். கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்ததும் நான்தான். என் கதைகளுக்கு அவளைப் போல் ‘ம்’ கொட்ட இங்கே வேறு ஆள் கிடையாது.

போன மாதம் வீடியோவில் கூப்பிட்டாள்.

“யம்மா, நீங்க சொன்ன மாதிரி இங்க ஒண்ணுமே இல்ல. மண்ணு வேற, மழ வேற. கொழம்புகூட நம்ம கொழம்பு இல்ல.”

“என் வாயில மண்ணப் போட. திட்டுடி, கேட்டுக்கறேன்.”

“அது கெடக்கட்டும். அவுக ஆலைக்குப் போயிட்டாக. வீடு வெறிச்னு இருக்கு. அந்தக் காம்பியாவ இன்னொரு தரம் சொல்லுங்க, கேப்போம்.”

அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் நிஜக் காம்பியா வெயிலாகக் காய்ந்துகொண்டிருந்தது. நான் தொட்டிக்கல்லில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“ஒரே ஒரு ஆறு, பேச்சி,” என்று ஆரம்பித்தேன்.

“ம்,” என்றாள்.