கனத்தையில் ஒரு ஸலாம்

சீனர்களுக்கு எத்தனையோ பெருநாள்கள். நிலாப் பணியாரம் தின்கிற நாள் இருக்கிறது, வள்ளம் ஓட்டுகிற நாள் இருக்கிறது. எங்கள் சீன மொழி வகுப்புச் சுற்றுலாவுக்கு வாய்த்ததோ கல்லறை துப்புரவாக்குகிற நாள். ஏப்ரல் வெயிலில், ஊரே புத்தாண்டுக்கு உடுப்பு வாங்க ஓடித்திரிகிற நேரத்தில், வெள்ளவத்தையிலிருந்து வேன் பிடித்துப் பொரளைக் கனத்தை மயானத்துக்குப் போவதற்குப் பெயர் கலாசாரச் சுற்றுலாவாம்.

கனத்தை என்றதும் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். காரணம் கேட்டதற்குக் காய்ச்சல் என்றேன். "வாற கிழமைக்கு இப்பவே காய்ச்சலா, ஷபீகா?" என்று கூடப் படிக்கிற ரூபிகா சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வாறன் போ" என்றேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு.

நான் கனத்தைக்குப் போகாதது வாப்பாவால். கொரோனாவில் மவுத்தானவர். அந்த நேரம் அந்த நோயில் போன எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்று நாட்டில் உத்தரவு. நாங்கள் மையித்தை எரிக்கிற ஆட்கள் இல்லை, மண்ணில் அடக்குகிறவர்கள். கெஞ்சினோம், கத்தினோம், ஒருவர் காதிலும் ஏறவில்லை. இதே கனத்தையில் எரித்தார்கள். சாம்பலைத் தருகிறோம் என்றார்கள். சாம்பலை வைத்து நாங்கள் என்ன செய்வது? வாங்காமல் வந்துவிட்டோம்.

மாளிகாவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே எங்கள் ஆட்களை அடக்குகிற மையவாடி. எங்கள் பெண்கள் உள்ளே போவதில்லை. மதிலுக்கு வெளியே நின்று தங்கள் ஆட்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போவார்கள். உம்மா மட்டும் அந்த மதிலைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டு விறுவிறுவென்று நடப்பார். "நான் எங்க நிண்டு ஸலாம் செல்லுற, மகள்?" என்று ஒருநாள் கேட்டார்.  நான் பாத்திரம் கழுவப் போனேன்.

சீனாவிலிருந்து எங்களுக்குப் படிப்பிக்க வந்த லின் டீச்சர் என்னைவிட இளையவள். பிழையாக உச்சரித்தால் அவளுக்கே நோவதுபோல் முகத்தைச் சுருக்குவாள். சுற்றுலாவுக்கு முந்திய வகுப்பில் மஞ்சள் கடதாசியும் தூரிகையும் தந்து, வீட்டில் காலமான ஒருவரின் பெயரைச் சீன எழுத்தில் எழுதச் சொன்னாள். 'ஸாலிஹ்' என்பதற்கு மூன்று எழுத்துகள் காட்டித் தந்தாள். நான் எதையும் இவ்வளவு கவனமாக எழுதியதில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். வாப்பாவின் பெயர் எங்கேயாவது கல்லில் இருக்க வேண்டியது, கடைசியில் மஞ்சள் கடதாசியிலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். டீச்சர் வாங்கிவைத்துக்கொண்டாள். வகுப்புச் சுவரில் ஒட்டுவாள் என்றுதான் எல்லோரும் நம்பினோம்.

கனத்தையில் சீனக் கல்லறைகள் கொஞ்சம், மதில் ஓரமாக. முந்திய காலத்தில் பல் கட்டியவர்களும் பட்டுத்துணி விற்றவர்களும் அங்கே கிடக்கிறார்கள். புல் பிடுங்க வேண்டும், பிறகு புது மண் கொஞ்சம் அள்ளிப் போட வேண்டும், அதுதான் இன்றைய நாளின் முறை என்று லின் டீச்சர் வேனிலேயே சொல்லியிருந்தாள். பிடுங்கினோம். நான் குனிந்த தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் தூரத்தில் அந்த எரிக்கிற இடத்துப் புகைபோக்கி தெரியும்.

மண் போட்டு முடிந்ததும் டீச்சர் கல்லுக்கு முன்னால் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். தகர வாளியில் நெருப்பு மூட்டினாள். பிறகு பையிலிருந்து எங்கள் மஞ்சள் கடதாசிகளை எடுத்தாள்.

முதலாவது எங்கள் வகுப்பு நிரோஷனுடைய அப்பா, முத்துலிங்கம். பெயரை வாசித்து, இரண்டு கையாலும் நெருப்பில் வைத்தாள். ஹட்டன்காரன் நிரோஷன் கும்பிட்டான். அடுத்தது ரூபிகாவின் மாமி. அதற்கடுத்த கடதாசியை எடுத்து, "ஸா-லி-ஹ்" என்று மெதுவாக வாசித்து வாளிக்குள் விட்டாள்.

நான் எப்போது பாய்ந்தேன் என்று தெரியாது. வாளிக்குள் கையை விட்டேன். கடதாசியின் ஒரு மூலை கருகிவிட்டது. நெஞ்சோடு அழுத்தி அணைத்தேன்.

"எத்தின தரம் எரிக்கிற? ஒருக்கா எரிச்சது காணாதா உங்களுக்கு?"

தமிழில்தான் கத்தினேன். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ரூபிகா என் தோளைப் பிடித்து, "அவ தெரியாமச் செய்திட்டா, விடும்" என்றாள். தள்ளிவிட்டேன். நிரோஷன்தான் டீச்சரிடம் பாதி இங்கிலீஷிலும் பாதிச் சீனத்திலும் சொன்னான். எரிப்பது என்ற சொல்லை அவன் சீனத்தில் பிழையில்லாமல் சொன்னது எனக்குக் கேட்டது.

 லின் டீச்சர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கல்லுக்கு முன்னால் வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்து, அது செத்தவர்களின் தேத்தண்ணி என்றும் பாராமல், அப்படியே வாளிக்குள் ஊற்றினாள். நெருப்பு சீறி அணைந்தது. பிறகு மண் அள்ளிய சின்ன மண்வெட்டியைத் துடைத்து, இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினாள்.

"மண்," என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ்ச் சொல் அது. வேனில் வரும்போது நிரோஷனிடம் கேட்டுப் படித்தது.

ஒரு பெயரை மண்ணில் அடக்குவது மார்க்கத்தில் கூடுமா என்று யாரும் என்னிடம் கேட்டு வராதீர்கள். அன்றைக்கு அவர்கள் செய்தது கூடுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

கல்லறைகளுக்கும் மதிலுக்கும் நடுவில் வெறும் நிலம் கிடந்தது. நான் மண்வெட்டியோடு அங்கே குனிந்ததும் நிரோஷன், "குடுங்கக்கா, நான் தோண்டுறேன்" என்று வாங்கிக்கொண்டான். "ஆழமாத் தோண்டு" என்றேன். தோண்டினான். தன்னுடைய வெள்ளைக் கைக்குட்டையையும், நான் கேட்காமலே, எடுத்துத் தந்தான். அதில் சுற்றினேன். மக்கா இருக்கிற மேற்குத் திசை பிடிக்க, கடல் எந்தப் பக்கம் என்று ரூபிகாவிடம் கேட்டேன், காட்டினாள். வாப்பாவின் பெயரை உள்ளே வைத்து, ஓத வேண்டியதை ஓதி, மூன்று பிடி மண் போட்டேன். நான் எழும்பியதும் நிரோஷன் மூன்று பிடி போட்டான். ரூபிகா போட்டாள். லின் டீச்சர் எங்கள் கைகளையே பார்த்திருந்து, அவளும் மூன்று பிடி போட்டாள்.

அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. மவுத் செய்தி வந்த அன்றுகூட நான் கோபத்தில் கத்தினேனே தவிர அழவில்லை. இப்போது மதிலோரம் குந்தி ஊரறிய அழுதேன்.

உம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"எங்க ஈக்கிற, மகள்?"

"கனத்தைல உம்மா."

 "அங்க ஏன் போன?" என்றார். 

எல்லாவற்றையும் சொன்னேன். ஏசப்போகிறார், பைத்தியமா உனக்கு என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். 

"தல எந்தப் பக்கம் வச்ச?"

"வடக்கால, உம்மா. மொகம் கிப்லாப் பக்கம்."

"நல்லா மூடினியா?"

"ஓம் உம்மா. நாலு பேர் மண் போட்ட."

"அப்ப ஃபோன அதுக்கிட்ட வை."

ஸ்பீக்கரைப் போட்டு, ஈர மண்ணின் மேல் ஃபோனை வைத்தேன். ரூபிகா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். லின் டீச்சர் தலை குனிந்து நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஷபீகாட வாப்பா," என்றார் உம்மா.