இன்னொரு டேக்

மேஜைமேல் ஆட்டிறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் தொடக்கூடாது என்று டைரக்டர் டோர்னிகே சொல்லிவிட்டார். படத்தில் தட்டு நிறைந்திருக்க வேண்டுமாம்.

ஜார்ஜியாவின் ஒயின் பெருமையை உலகத்துக்குக் காட்ட ஆவணப்படம் எடுக்கிறேன் என்று தலைநகர் திபிலிசியிலிருந்து வந்தவர் அவர். எங்கள் ககேத்திப் பக்கம் வாழ்த்துச் சொல்லி முதலில் குடிக்கும் விருந்துத் தலைவன் என்றால் அமிரான்தான் என்று யாரோ சொல்ல, திராட்சை அறுவடை முடிந்த கையோடு கேமராவும் ஆளுமாக முற்றத்தில் வந்து இறங்கிவிட்டார். அமிரானுக்கு வாயெல்லாம் பல்.

ஏப்ரலில் அமிரான் ரத்த வாந்தி எடுத்தார். இனி குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இது மனைவி ம்ஸெவினாருக்கு மட்டுமே தெரியும். வெளியே தெரிந்தால் தலைவன் இடம் போய்விடும் என்று அவள் வாயை அடைத்து வைத்திருந்தார் மனிதர். விருந்தில் குடிக்கும் மாட்டுக்கொம்பில் இன்று திராட்சைச் சாறுதான் என்று அவளும் காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள்; படத்துக்கு அது போதுமே என்று டைரக்டரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"சாறு கேமராவுல கலங்கலா தெரியுதுண்ணே. நெச ஒயினே இருக்கட்டும். ஒரே ஒரு கொம்பு!" என்றார் டோர்னிகே.

மண்ணில் புதைத்த தாழியிலிருந்து மொண்டு ஊற்றினார்கள். அடி கூரான கொம்பு நிற்காது, காலி செய்யாமல் கீழே வைக்க வழியில்லை. அமிரான் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"பிரமாதம்! ஆனா மைக் நிழல் விழுந்துடுச்சு. இன்னொரு டேக்."

"வேணாங்க, போதும்" என்றாள் ம்ஸெவினார்.

பக்கத்து வீட்டு கோக்லா விடுவாரா? "ஏம்ப்பா அமிரான், இப்பல்லாம் வீட்ல பர்மிஷன் வாங்கித்தான் குடிக்கிறியா?"

மேஜையே சிரித்தது. அமிரான் முகம் சிவந்து கொம்பை நீட்டினார். கோக்லா வழிய வழிய ஊற்றினார்.

காலையிலிருந்து டைரக்டர் பாட்டில் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை என்பதை ம்ஸெவினார் அப்போதுதான் கவனித்தாள். "நீங்க ஒரு வாய் குடிக்கலியே?"

"ஐயோ அக்கா, எனக்கு ஒத்துக்காது. வயிறு கெட்டா வேலை கெட்டுடும்."

அவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் ஒரு கோப்பை பீரோடு திரும்பினாள். எங்கள் பக்கம் பீரை உயர்த்தி வாழ்த்துவது பகைவனை மட்டும்தான். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அவள் டோர்னிகேவுக்கு நேராகக் கோப்பையைத் தூக்கினாள்.

"உங்க படத்துக்கு! நீங்க நல்லா இருக்கணும்!"

கோக்லா ஒயின் சாடியைக் கீழே வைத்தார். டைரக்டர் முகம் வெளிறியது. "அக்கா... அது பீரு..."

"தெரிஞ்சுதான் எடுத்தேன். இவருக்கு ஈரல் போயிடுச்சுய்யா! உங்க மைக் நிழலுக்காக நான் புருசனைப் பொதைக்கணுமா? நல்லா எடுங்க, இதையும் எடுங்க!"

"கட்" என்றார் டோர்னிகே மெல்ல.

"கட் பண்ணாதீங்க" என்றார் அமிரான். கொம்பை மெதுவாகத் தரையில் கவிழ்த்தார். ஒயின் மண்ணில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு வேணாம். அம்பது வயசுல இப்பத்தான் இந்த வார்த்தை வாயில வருது. இத்தனை நாள் நானும் எத்தனையோ பேரைக் கேலி பண்ணிக் குடிக்க வெச்சிருக்கேன், பெரிய தலைவனாட்டம். வேணாங்கிறவனை விட்டுடணும் கோக்லா. அதைச் செய்யத் தெரியாத நமக்கு என்னய்யா விருந்து, என்ன பெருமை?"