இடது பக்கத்துக் கறை

காய்ந்த மரத்தில் பசைக்கறை தெரியாது. அதுதான் அதன் அயோக்கியத்தனம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எல்லாம் ஒரே வழவழப்பு. மேலே ரெசினை, அந்தக் கண்ணாடி மாதிரி இறுகுகிற பூச்சை, ஊற்றியதும் மரம் தேன் நிறத்துக்கு மாறும். பசை குடித்த இடம் மட்டும் மாறாமல் வெளிறிப்போய் நிற்கும். அதற்கப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

இதைப் பட்டறையில் நாலு ஆண்களையும் நிற்கவைத்துச் சொன்னேன். சிறுவாச்சூர் மெயின்ரோட்டில் ரஹ்மத்துல்லா பாய் நடத்துகிற கதவுப் பட்டறை அது. கதவு, ஜன்னல், கட்டில் தவிர எதுவும் செய்யாத இடத்துக்குக் கயாக் ஆர்டர் வந்திருந்தது. ஒருத்தர் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. பாயின் மச்சான் மகன் அம்மார் துபாயிலிருந்து திரும்பிக் கடற்கரையில் விடுதி திறக்கிறான், அதற்கு. கால் அங்குலக் கனத்தில் அறுத்த மலைவேம்புப் பட்டைகளை விளிம்போடு விளிம்பு பசை வைத்து ஒட்டி வளைக்க வேண்டும். மரம் பளிச்சென்று தெரியணும், பெயிண்ட் கூடாது என்பது அம்மாரின் ஒரே நிபந்தனை.

வரைபடம் முழுக்க இங்கிலீஷ். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான், பி.இ. முடித்து இரண்டு வருடமாகச் சும்மா இருந்தேன். அம்மா காத்தாயி அந்தப் பட்டறையிலேயே கூட்டிப் பெருக்கி, உப்புத்தாள் தேய்க்கிறவள்.

"இது சுத்தமா வந்துச்சுன்னா அம்மார் இன்னும் ஆறு கேப்பான்" என்றார் பாய். "அந்த ஆறுக்கும் நீதான் பொறுப்பு. ஆண்டவரே உனக்குக் கீழதான்."

ஆண்டவர் அண்ணன் அங்கே இருபது வருடமாகத் தலைமை ஆள். அன்றிலிருந்து அவருக்கு நான் 'இன்ஜினியரம்மா'. அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

வலது பக்கம் அவர், இடது பக்கம் நான் என்று பிரித்துக்கொண்டோம். பிதுங்குகிற பசையை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, கரைந்து மரத்துக்குள் இறங்கிவிடும். பாதி காய்ந்து ரப்பர் மாதிரி ஆனதும் உளியால் சீவ வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கதவு வேலையில் எல்லாரும் துடைத்துப் பழகியவர்கள். அங்கே பெயிண்ட் எல்லாவற்றையும் மூடிவிடும். அண்ணன் முனகினார், ஆனாலும் சொன்னபடிதான் செய்தார். நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கையில் என் பக்கத்தில் சீவுவதற்கு அதிகம் இருக்காது. அளவாகப் பசை வைக்கக் கற்றுக்கொண்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

ரெசின் ஊற்றுவதற்கு முதல் நாள் காலை, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் படகு முழுக்கத் துடைத்தேன். அந்த ஈரத்தில் மரம் சில நொடி ரெசின் போட்ட நிறத்துக்கு வரும்; கறை இருந்தால் அப்போதே காட்டிக்கொடுக்கும். வலது பக்கத்தில் ஒரு புள்ளி இல்லை. இடது பக்கம் தேமல் படர்ந்த முதுகு மாதிரி இருந்தது.

எனக்குத் தலை சூடேறிவிட்டது. நேராக ஆண்டவர் அண்ணனிடம் போனேன்.

"ஒரு பொண்ணுக்குக் கீழ வேலை பார்க்க முடியலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லணும். நான் சோத்துக்குப் போற நேரத்துல என் பக்கத்தக் கெடுக்கறது என்ன பொழப்பு?"

செல்லதுரை என்கிற இழைப்பு வேலைக்காரர், வார்த்தையை அளந்து பேசு என்று என்னை அதட்டினார். அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"படகு ஒண்ணுதான புள்ள. உன் பக்கம் முங்குனா என் பக்கம் மட்டும் மெதக்குமா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து அம்மா குரல்.

"நான்தான் தொடச்சேன்."

கையில் உப்புத்தாளோடு நின்றாள். "நீ ஒட்டிட்டுப் போயிருவ. அது மூக்குச்சளி கணக்கா ஒழுகிக்கிட்டுக் கெடக்கும். பொம்பளப் புள்ள வேல இப்புடித்தான்னு யாரும் சொல்லிறக் கூடாதேன்னு ஈரத்துணியால தொடச்சு வுட்டேன்."

"அவரு பக்கத்த ஏன் தொடைக்கல?"

"அவரு பக்கம் எனக்கென்ன வேல?"

"தொடைக்கக் கூடாதுன்னு அன்னிக்கு அத்தன தடவ சொன்னேனே."

"எங்கிட்ட எங்கடி சொன்ன?"

சொல்லவில்லைதான். நாலு ஆண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் பெருக்குகிற சத்தம் இடைஞ்சலாக இருந்தது. கொஞ்ச நேரம் வெளியே போ என்று அனுப்பியது நான். உப்புத்தாள் தேய்க்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்திருக்கிறேன். அவளும் தொட்டுத்தான் அந்தப் படகு உருவாகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மத்தியானம் வரை சீவினேன். சீவுவது, ஸ்பிரிட் போட்டுப் பார்ப்பது, மறுபடி சீவுவது. கட்டை விரலால் அழுத்தினால் பட்டை உள்ளே வாங்க ஆரம்பித்தது. இதற்கு மேல் சீவினால் உடையும். கறை பாதிதான் போயிருந்தது.

பாய் வந்தார். இன்னொரு தடவை ஸ்பிரிட் போடச் சொல்லிப் பார்த்தார். யார் வேலை என்று கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள்.

"நீ பேசாத" என்றேன். அவளைக் காப்பாற்ற அல்ல. அவள் அதை இன்னொரு தடவை சொல்லி என்னால் கேட்க முடியாது. "என் பக்கம்தான் பாய். சொல்ல வேண்டியவங்களுக்கு நான் சொல்லல."

பாய் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"பச்சைப் பெயிண்ட அடிச்சிருங்க. அம்மார்ட்ட நான் பேசிக்கிறேன். இன்னொண்ணு கேட்டான்னா ஆண்டவர் பாக்கட்டும். நீ படத்தப் படிச்சுச் சொல்லு, போதும்."

அண்ணன் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தன் பக்கத்துக்குப் போனார். ஒரு புள்ளி கறை இல்லாத அந்த மரத்தின் மேல், முனையிலிருந்து ஆரம்பித்து, பச்சையை இழுத்தார்.

"தப்பாப் பேசிட்டேண்ணே" என்றேன்.

அவர் பிரஷ்ஷை டப்பாவில் முக்கினார். அடுத்த பட்டைக்குப் போய்விட்டார்.