சுவர் முடிகிற ஆழம்

லிப்ட் மெக்கானிக்கின் வீட்டில் சுறாவைப் பார்க்க வேண்டுமென்றால் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். அது செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், தரையோடு தரையாகத் தூங்குகிறது. முட்டிவலி உள்ள விருந்தாளிகளுக்கு ஆமையோடு சரி. அது டிவிக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக இருக்கிறது.

இந்தப் படங்களை எடுப்பவள் அவருடைய மனைவி. அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வாரம் முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போய்விடுவாள். அங்கே மூச்சைப் பிடிக்கவே கூடாதாம். இதைச் சொல்லி அவள் சிரிப்பாள். மெக்கானிக்கும் சிரித்து வைப்பார்.

படங்களை வீட்டில் எப்படி வைப்பது என்பதில் அவளுக்கு ஆயிரம் யோசனை. பவழத்தைக் குளியலறைத் திரையில் அச்சடிக்கலாம். மீன் கூட்டத்தைச் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் பரப்பலாம். ஜெல்லி மீனை விளக்குக் கூண்டில் சுற்றினால், உள்ளே பல்பு எரியும்போது உயிரோடு இருக்கிற மாதிரியே தெரியும். மெக்கானிக் எதற்கும் மசியவில்லை.

"கடல்னா கடல் மாதிரி இருக்கணும். மேல எடுத்தது மேல, கீழ எடுத்தது கீழ. ஒரு சாணுக்கு மூணு மீட்டர்."

எந்தப் படம் எந்த ஆழத்தில் எடுத்தது என்பதை அவள் மணிக்கட்டில் கட்டும் கருவி சொல்லிவிடும். அதைக் கேட்டு, சுவரை அளந்து, ரசமட்டம் வைத்து மாட்டுவார். கூரையை ஒட்டி வெயில் விழுந்த தண்ணீரும், நீந்துகிற யாரோ ஒருவரின் உள்ளங்கால்களும். இறங்க இறங்க மீன்கள் தடித்து, நிறம் வற்றி, சுவிட்ச் போர்டுக்குக் கீழே எல்லாமே நீலம். வந்தவர்கள் எல்லாரும் இந்த ஏற்பாட்டை மெச்சினார்கள். மெக்கானிக்கின் அக்கா மட்டும், "ஏண்டா, உங்க கல்யாண போட்டோ எத்தனாவது மீட்டர்?" என்று கேட்டாள். "பதினஞ்சு" என்றார் அவர், யோசிக்காமல்.

யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. இருபது மாடி லிப்ட் குழியில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுகிற மனுஷனுக்கு, மனைவி தண்ணீருக்குள் இறங்குகிற நாளில் பயத்தில் ஒரு வேலையும் ஓடாது. ஆனால் அவள் ஆசையாகச் செய்கிற ஒரே காரியத்தைப் போகாதே என்று தடுக்கிற புருஷனாக இருக்கவும் அவருக்கு மனமில்லை. அதற்காகத்தான் இந்தச் சாண் கணக்கு. சுவருக்கு ஒரு முடிவு உண்டு. தரை வந்தால் லிப்டே நின்றுவிடுகிறது, மனுஷி நிற்க மாட்டாளா?

சுறா வந்ததும் தரையும் வந்தது. மெக்கானிக் நிம்மதியாக ஒரு வாரம் தூங்கினார்.

"சரக்குக் கப்பல் ஒண்ணு முழுகிக் கிடக்காம்," என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே. "சுறாவைவிட ஆழத்துல. இந்த ஞாயிறு கூட்டிட்டுப் போறாங்க."

மெக்கானிக் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தார். "இடமில்லையே."

"எதுக்கு?"

"படத்துக்கு. தரை வந்தாச்சு."

அவள் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு யோசித்தாள். அவள் யோசித்தால் காரியம் கெட்டது என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

"கீழ்வீட்டுல கேட்டா என்னங்க?"

கீழ்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற நூலகர். மேலே ஒரு ஸ்பூன் விழுந்தாலும் படியேறி வந்துவிடுவார். கட்டடமே அவரை உஸ் சார் என்றுதான் கூப்பிடும். மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உஸ் சாராவது, சுவர் கொடுக்கிறதாவது.

"கேட்டுப் பாத்துடலாமே," என்றார் தாராளமாக.

இருவரும் இறங்கிப் போனார்கள். விஷயத்தை மெக்கானிக்கே எடுத்துச் சொன்னார், முடிந்தவரை மோசமாக.

"சார், உங்க ஹால் சுவர்ல துளை போட்டு எங்க வீட்டுப் படத்தை மாட்டணும். நடுவுல தளத்தோட கனத்தைக் கழிச்சா, கூரையை ஒட்டி வரும். இருட்டான படம், உத்துப் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது. இதோட நிக்கவும் நிக்காது."

உஸ் சாரின் சுவரில் ஒரு காலண்டர்கூட இல்லை. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சத்தம் வருமா?"

"பயங்கரமா வரும் சார்."

"துளை போடும்போதுதானே?"

"ஆமா."

"அப்புறம் இதைப் பாக்க ஆளுங்க வருவாங்கல்ல?"

"வருவாங்க சார்," என்றாள் மனைவி.

"மாட்டிக்குங்க," என்றார் உஸ் சார். நாற்காலியை எங்கே போடலாம் என்று அப்போதே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மாடிப்படி திரும்புகிற இடத்தில் மெக்கானிக்கின் கால் நின்றுவிட்டது. இனி சாக்குச் சொல்ல இந்தக் கட்டடத்தில் சுவரே பாக்கி இல்லை.

"போகாத," என்றார். "எனக்குப் பயமா இருக்கு."

இரண்டு படி மேலே போயிருந்தவள் திரும்பினாள். "கப்பலை நினைச்சா?"

"எல்லாத்தையும்தான். முதல் படத்துலேர்ந்தே."

"நான் வீட்டுக்கு வந்தா, கதவைச் சாத்து கொசு வருதுன்னுதானே சொல்வீங்க. தலையைக்கூட நிமிர்த்த மாட்டீங்க."

"அதுக்கு மேல பேசினா குரல் நடுங்கும்."

அவள் இறங்கி வந்து படியில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். இருவருக்கும் அந்தப் படி போதவில்லை, இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது.

"சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்," என்றாள். "இந்த ஞாயிறும் போவேன்."

"தெரியும்."

"ஆனா மத்தியானத்துக்குள்ள கரையேறிடுவோங்க. அப்புறம் பொழுது சாயற வரைக்கும் சும்மா உக்காந்து அரட்டைதான். சொல்லியிருந்தா, ஏறினதும் முதல்ல உங்களுக்குத்தானே போன் பண்ணியிருப்பேன்."

மெக்கானிக் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் முழுக்க அவளைக் கடலுக்குச் சாகக் கொடுத்துவிட்டு, அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்பதுவரை யோசித்துவைத்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"அரட்டையா அடிச்சிட்டிருந்த?" என்றார்.