அறை மௌனம்

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, புதன்கிழமை காலை, ரயில் பாதைக்கு அப்பாலுள்ள நெஞ்சக மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், பதினோரு வருடம் வானொலியில் பெண்களோடு பேசிவந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் மூச்சுத் திணறி இறந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் அதே குரல் 'கத்தரி, இன்னும் இருக்கியா?' என்று கேட்டதும், இருக்கேன்க்கா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது ஒலிப்பதிவு மேசையில் இருந்தவளுக்கு. காதில் இருப்பது ஹெட்போன், ஹெட்போனில் ஓடுவது போன மாதம் பதிவு செய்த கடைசி நிகழ்ச்சி, இன்னும் வெட்டாதது, அதனால்தான் நடுநடுவே இந்த மாதிரிப் பேச்செல்லாம் கிடக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது... கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று அக்கா அடிக்கடி கேட்பார், பதிவு அறையின் விளக்கு முகத்தில் அடிப்பதால் கண்ணாடியில் அக்காவுக்கு அக்காவே தெரிவார், இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் தெரியமாட்டாள். இப்போது அந்தப் பக்கம் நாற்காலி மட்டும் இருக்கிறது, உட்கார்ந்து உட்கார்ந்து பஞ்சு அமுங்கிய நாற்காலி, யாரும் அதை எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவுமில்லை, பார்த்தால் ஆள் இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கிறது. அந்த அறையில் கை தட்டினால் சத்தம் உள்ளங்கையிலேயே செத்துவிடும், சுவரெல்லாம் சாம்பல்நிற ஸ்பாஞ்சு, புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் காதைத் தடவிப் பார்ப்பார்கள், தன் ரத்தம் ஓடுவது தனக்கே கேட்கும், சிலர் பயந்து எழுந்து வெளியே வந்துவிடுவார்கள். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. 'பாதிப் பேருக்கு அவங்க உடம்பு பேசுறது கேக்குறதே இல்ல, இங்க கொண்டாந்து உக்கார வெச்சா கேக்கும்' என்பார்.

கத்தரி என்பது அவளுக்கு நிலையத்தில் வைத்த பட்டப்பெயர். நாடாவை வெட்டி ஒட்டிய காலத்தில் வந்த பெயர், இப்போது கத்தரிக்கோல் கிடையாது, திரையில் பச்சை அலைகள்தான், ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் பேசியதில் திக்கல், இருமல், எச்சில் விழுங்குவது, மூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிடுவது அவள் வேலை, ஒரு மனிதனின் குரலைக் கேட்பதற்கு முன்பே அவன் மூச்சு அவளுக்குப் பிடிபட்டுவிடும், இவன் பொய் சொல்லப் போகிறான், இவள் அழப் போகிறாள்... அக்காவின் மூச்சு உள்ளே போகும்போது பழைய குக்கர் மாதிரி சின்னதாக ஒரு விசில், வெளியே வரும்போது இருக்காது. பதினோரு வருடமாக அந்த விசிலை வெட்டி வெட்டி எறிந்திருக்கிறாள், எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தால் அந்தம்மாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் வந்திருக்குமோ என்று நேற்று பேருந்தில் தோன்றியது, பைத்தியக்கார நினைப்பு, தலையை உதறிக்கொண்டாள். நிகழ்ச்சிக்குப் பெயர் 'கதவைச் சாத்திட்டுப் பேசலாம்'. பெண்கள் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது தாண்டிய ஒரு டீச்சர், இந்த வயசிலும் எனக்கு ஆசை வருதுக்கா, இது ஏதாவது வியாதியா என்று கேட்டாள். 'பசிக்குதுன்னு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களாம்மா? பசிக்கலன்னாதான் போவாங்க' என்றார் அக்கா, அந்தப் பக்கம் டீச்சர் சிரித்தது சிரிப்பா அழுகையா என்று அலையைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. இன்னொருத்தியிடம், கைக்கண்ணாடி ஒண்ணு வாங்கு, உன் உடம்பை நீ முதல்ல பாரு, அடுத்தவங்க பாத்துச் சொல்றதுக்கு அது என்ன வாடகை வீடா என்றார். ஆண்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். திட்டியவர்களின் மூச்சும் அவளுக்குத் தெரியும், பாதிப் பேர் நிகழ்ச்சி முடியும் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் திட்டியிருப்பார்கள்.

மேலாளர் கதவைத் தள்ளித் தலையை மட்டும் நீட்டினார். நாளைக்கு மூணு மணிக்கு இது போகணும் மேடம், மூச்சையெல்லாம் சுத்தமா வழிச்சு எடுத்துடுங்க, செத்தவங்க மூச்சு விடுறது கேட்டா ஜனங்க பயந்துடுவாங்க. கடைசில ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி வைங்க. அவள் திரும்பாமலே, வெறும் மௌனம் வெக்க முடியாது சார், சத்தமே இல்லன்னா நிலையம் நின்னுபோச்சுன்னு நெனச்சு மெஷினே பாட்டைப் போட்டுடும் என்றாள். ஆமாமா, போன வருஷம் தலைவர் செத்தப்ப நடுவுல குத்துப்பாட்டு வந்துச்சே, என் வேலை போகத் தெரிஞ்சுது, அந்த அறை மௌனம் எடுத்து வெச்சிருப்பீங்கள்ல, அதைப் போடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அறை மௌனம் என்பது இந்தத் தொழிலில் ஒரு பழக்கம். பேச்சு முடிந்ததும் யாரும் எழுந்துவிடாமல் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த அறை சும்மா இருக்கும்போது எப்படி இருக்கும் என்பதைப் பதிவு செய்துகொள்வார்கள், எங்கே வெட்டினாலும் அந்த மௌனத்தில் ஒரு துண்டை வைத்து ஒட்டிவிடலாம், இல்லாவிட்டால் வெட்டிய இடத்தில் பள்ளம் மாதிரி கேட்கும். அக்காவின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அப்படி ஒரு நிமிடம் உண்டு, வேலை முடிந்ததும் அழித்துவிடுவார்கள், கடைசி ஒன்றுதான் மிச்சம்.

அதைத் திறந்தாள். திரையில் கோடு நேராகத்தான் கிடந்தது, சத்தத்தைக் கூட்டினாள், அறையின் மெல்லிய இரைச்சல், விசில், அக்கா, விசில், அக்கா... அதற்குள்ளே இன்னொரு மூச்சு. முதலில் எதிரொலி என்று நினைத்தாள், எதிரொலிக்கு அந்த அறையில் வழியே இல்லை. இரண்டாவது மூச்சில் விசில் இல்லை, அக்காவின் மூச்சோடு சேரவும் இல்லை, தன் பாட்டுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றினாள். யாருமில்லை, கண்ணாடிக்கு அப்பால் நாற்காலி. மறுபடி மாட்டிக்கொண்டு தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள், காதில் அந்த மூச்சு நிற்கவில்லை. முதலில் சிறியதாக, மேலோட்டமாக, பேருந்தில் நெருக்கியடித்து நிற்கிறவள் விடுகிற மூச்சு மாதிரி இருந்தது, போகப் போக இறங்கியது, நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து இன்னும் கீழே, ஒரு இடத்தில் நின்றே விட்டது, செத்தா போய்விட்டது என்று நினைக்கும் அளவுக்கு நின்று, பிறகு மெல்ல, நடுங்கி, முழுசாக வெளியே வந்தது. முழங்கையில் மயிர் குத்திட்டது அவளுக்கு. யார் இது, எத்தனையோ பேர் மூச்சைக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்று என் கைக்கு வந்ததே இல்லையே, இதை எப்படி வெட்டுவது, எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, பேய் மூச்சு விடுமா, விட்டால் இவ்வளவு ஆசையாகவா விடும்...

அன்றைக்கு அறைக்குள் யார் இருந்தது? அக்கா. வேறு யாருமில்லை, அக்கா தண்ணீர் கேட்டார், கொண்டுபோய்க் கொடுத்தாள், முடியலடி, கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு என்றார், உட்கார்ந்தாள்... உட்கார்ந்தாள். எதிரே, ஸ்டூலில். கடைசியாகக் கூப்பிட்ட பெண் ஒருத்தி, நான் நடிக்கிறேன்க்கா, எப்ப எப்படி மூச்சு விட்டா அவர் சந்தோஷப்படுவார்னு தெரியும், அப்படி விட்டுடுவேன் என்று சொல்லியிருந்தாள். அதற்கு அக்கா, 'பொய் மூச்சு விட்டா அவனுக்கும் வழி தெரியாது, உனக்கும் தெரியாது, ரெண்டு பேரும் கரண்ட் போன வீட்ல சுவரைத் தடவிக்கிட்டே இருப்பீங்க' என்றார். ஒலிப்பதிவு மேசையில் இதைக் கேட்டபோது இவளுக்குக் காது சுட்டது. வீட்டிலும் அவள் செய்தது ஒட்டுவேலைதானே, இந்த இடத்தில் ஒரு மூச்சு, இங்கே ஒரு முனகல், இங்கே முடிவு, எல்லாம் எங்கோ கேட்டது, அளவு தெரிந்து ஒட்டியது, கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு பள்ளம்கூடத் தெரியாமல். கணவரும் நல்ல மனிதர், லிஃப்ட் மெக்கானிக், மேல போறதும் கீழ வர்றதும்தான் என் பொழப்பு என்று தானே சொல்லித் தானே சிரிப்பவர், அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர். தண்ணீரைக் குடித்துவிட்டு அக்கா கேட்டார், கத்தரி, உனக்கு என்ன பிடிக்கும்? எனக்கா, தலைவலி இல்லாம இருந்தா பிடிக்கும்க்கா. ஜோக்கடிக்காத. எல்லாரும் சொல்றதைக் கேட்டு வெட்டுறியே, உனக்கு என்ன பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா? மௌனம் எடுக்கணும்க்கா என்று எழுந்து சுவரிலிருந்த பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பவும் அங்கேயே உட்கார்ந்தாள், வெளியே போகக் கதவைத் திறந்தால் அந்தச் சத்தம் பதிவாகிவிடும் என்று.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன நினைத்தாள் என்பது இப்போது மூச்சோடு மூச்சாகத் திரும்பி வந்தது. கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறைக்கு அவர் கூட்டிப்போயிருந்தார், எண்ணெய் வாசனை, தகரக் கூரையின் சூடு, பயப்படாத, கையை வையி என்றார், இரும்பு மூடியின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள், கீழே யாரோ பொத்தானை அழுத்த, இரும்பு சிலிர்த்தது, அந்த நடுக்கம் கை வழியாக ஏறித் தோளைக் கடந்து அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. அவர் பின்னால் நின்றார், தொடவில்லை, தாழ்ந்த குரலில் மாடிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார், ரெண்டு... மூணு... நாலு... அவசரமே இல்லாமல். பிடரியில் அந்தக் குரல் பட்டது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை, எதைச் சொல்வது அவரிடம், எனக்கு லிஃப்ட் பிடிச்சிருக்குன்னா? அப்படியே உள்ளே போட்டு மூடிவிட்டது, எங்கே போட்டோம் என்பதும் மறந்துவிட்டது. அக்கா கேட்ட பிறகு அந்த நிமிடத்தில் அது தானாக எழுந்து வந்திருக்கிறது, அவளுடைய உடம்பு வாயைத் திறக்காமலே பதில் சொல்லியிருக்கிறது. ஆக இந்த மூச்சு அவளுடையதுதான். உலகத்து மூச்சையெல்லாம் அறிந்தவளுக்குத் தன்னுடையது அடையாளம் தெரியவில்லை, கேட்டிருந்தால்தானே.

அந்தப் பதிவு நடந்த வாரத்தில் ஒரு பகல், மகள் கல்லூரி விடுதியில், அவர் வேலையில், அவள் கதவைத் தாழ் போட்டாள். வெட்கம் முதலில் வந்தது, பிறகு சிரிப்பு, பிறகு, ஓ இங்கேயா, இப்படியா, இவ்வளவு நாள் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இங்கேயே இருந்திருக்கிறாயே என்று ஒரு ஆச்சரியம். முடிந்தபின் முகம் கழுவிக் கண்ணாடியில் பார்த்தாள், யாரோ தெரிந்தவள் மாதிரி இருந்தது. அடுத்த பதிவில் அக்காவிடம் சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அடுத்த பதிவு வரவில்லை. கேட்டவர் பதிலை வாங்காமலே போய்விட்டாரே என்றுதான் புதன்கிழமையிலிருந்து நெஞ்சில் முள்.

நிமிடம் முடியும் இடத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு இந்த இடத்தில் அவள் எழுந்து பொத்தானை நோக்கிப் போயிருக்க வேண்டும், ஸ்டூல் நகரும் சத்தம், காலடி. அதற்கு அடியில் ஏதோ ஒன்று. பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள், சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். அவள் முதுகு திரும்பியிருந்தபோது, மைக்குக்கு வெகு அருகில், ஏறக்குறைய உதடு படும் தூரத்தில், அக்காவின் குரல், விசிலுக்கு நடுவே: 'ம்... கேட்டுச்சு.'

எதைக் கேட்டார், எவ்வளவு கேட்டார், அறைக்குள் இருந்தவருக்கு அது மூச்சாக மட்டும் கேட்டதா... கண்ணாடியைப் பார்த்தாள். இதற்குள் யாரோ அந்தப் பக்கத்து விளக்கை அணைத்திருந்தார்கள், வெளிச்சம் இந்தப் பக்கம் மட்டும் இருந்ததால் அதில் அவளே தெரிந்தாள், நாற்காலி தெரியவில்லை.

வழித்து எடுக்க ஒரு நொடி போதும். எடுத்தால் அறையின் இரைச்சல் மிஞ்சும், மேலாளருக்குத் திருப்தி. விட்டால் இந்த ஊரில் வானொலி வைத்திருக்கும் வீடெல்லாம் நாளை அவள் மூச்சைக் கேட்கும், யாருக்கும் தெரியாது யாருடையதென்று... அவருக்கு? சனிக்கிழமை மதியம் மோட்டார் அறையில் ரேடியோவைக் கேட்டுக்கொண்டேதான் வேலை செய்வார். பொண்டாட்டி வேலை செஞ்சது, கேக்கலன்னா வீட்ல தகராறு என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிக்கொள்வார். அவருக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும், இத்தனை வருடம் விட்டதெல்லாம் பொய்யா என்று கேட்டால், அந்த நிம்மதியான தூக்கம் என்ன ஆகும்... தெரியாமலே போய்விட்டால்? எது பெரிய பயம் என்று யோசித்தாள், பிடிபடவில்லை. 'கேட்டுச்சு' என்பதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாள், அது அவளுக்கு. மிச்சத்தில் எதையும் வெட்டவில்லை, மூச்சு கேட்கும் அளவுக்குச் சத்தத்தை மட்டும் கூட்டிவைத்தாள்.

நிகழ்ச்சி சனிக்கிழமை மூன்று மணிக்குப் போனது. பாட்டு எதுவும் குறுக்கே வரவில்லை. அன்று சாயங்காலம் அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே, அந்தக் கடைசி நிமிஷத்துல மூச்சு விட்டது யாரு, அந்தம்மா இல்லையே என்றார்.

"நான்தான்."

"சும்மா சொல்லாத. உன் மூச்சு எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க," என்றாள்.

அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.