மேல்மாடித் தூசி

நோன்புக்கு முந்திய வாரம் ஹைதர் தன் மசாலாக் கடையின் மேல்மாடியைச் சுத்தம் செய்தார். பழைய சாக்குகளுக்கு இடையில் எலிகள் கூடு வைத்திருந்தன. தூசி தெருவில் போகிறவர்கள்மேல் விழக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூட்டினார். இறங்கி வந்தபோது புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"எலிங்களோட ஒரு கம்போங்கையே, ஒரு ஊரையே காலி பண்ணிட்டேன் லா," என்று மனைவி மர்ஜானாவிடம் சிரித்தார்.

பாதி நோன்பில் காய்ச்சல் வந்தது. பிறகு இடுப்பு வலித்தது, சிறுநீர் குறைந்தது. ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஹந்தா வைரஸ் என்றார் டாக்டர். வெளிநாட்டில் எங்கோ அது ஆளுக்கு ஆள் தொற்றியதாக ஒரு வீடியோ, அன்று மாலையே மர்ஜானாவின் அண்ணன் கமாலின் போனுக்கு வந்துவிட்டது.

"போகாதே மர்ஜி. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"நான் வந்து பாக்கலாம்னு நர்ஸ் சொன்னாங்கண்ணே."

"அப்படித்தான் சொல்லுவாங்க. கோவிட்ல உம்மாவை எப்படி அடக்கினோம்? மறந்துட்டியா?"

மறக்கவில்லை. பிளாஸ்டிக் சுற்றிய தாயின் உடலைத் தூரத்திலிருந்துதான் பார்த்தார்கள். மர்ஜானா வீட்டிலேயே இருந்தாள்.

ஹைதர் வீடியோ காலில் வந்தார். "ஏம்புள்ள, நான் என்ன பேயா? கிட்ட வந்தா கடிச்சிருவேனா?"

"பிள்ளைங்களுக்காகத்தாங்க."

"சரி சரி. நோன்பு தொறந்தியா?"

"தொறந்துட்டேன்."

"பொய்யி. மூஞ்சியே சொல்லுது. போய்க் கஞ்சியக் குடி."

மறுநாள் அவர் போனை எடுக்கவில்லை. மூச்சுக் குழாய் பொருத்தியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன்பு இறந்துபோனார்.

டாக்டர் ரமணி மர்ஜானாவையும் கமாலையும் அறைக்கு அழைத்தார். கமால் இரண்டு மாஸ்க்குகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றார்.

"உள்ள வாங்க சார். ஆளுக்கு ஆள் பரவுறது தென் அமெரிக்காவுல உள்ள ஒரு வகை. அதுவும் நெருங்கிப் பழகினாத்தான். இவருக்கு வந்தது அது இல்ல. எலியோட மூத்திரமும் புழுக்கையும் காஞ்சு தூசியாகி மூச்சுல போயிருக்கு."

மர்ஜானா நாற்காலியை முன்னால் இழுத்தாள். "அப்ப நான் அவர் பக்கத்துல உக்காந்திருக்கலாமா, டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "உக்காந்திருக்கலாம்மா," என்றார். "அந்த மேல்மாடிக்கு இப்ப யாரும் போகாதீங்க. கூட்டவே கூடாது. சுத்தம் பண்றவங்க மாஸ்க், கையுறை போட்டுக்கிட்டு, முதல்ல கதவு ஜன்னலைத் திறந்து காத்தாட விடணும். குளோராக்ஸ் பிளீச் கலந்த தண்ணி தெளிச்சு, ஊறவிட்டு, ஈரத்துணியாலதான் எடுக்கணும்."

"நேத்து நான் அங்க மிச்சத்தக் கூட்டினேன்," என்றார் கமால். "விசாரிக்க வர்ற ஆளுங்க தங்குவாங்களேன்னு."

"மாஸ்க் போட்டிருந்தீங்களா?"

கமாலின் கை முகத்துக்குப் போனது. "மேலதான் யாருமே இல்லையே, டாக்டர்."

அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் உடனே வரும்படி கமாலிடம் சொன்னார் டாக்டர்.

பள்ளிவாசலில் ஹைதரின் மய்யித்தைக் குளிப்பாட்டும்போது, தானும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மர்ஜானா கேட்டாள். மனைவிக்கு அந்த உரிமை உண்டு. கையுறை கொடுத்தார்கள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கழுவினாள். ரப்பர் வழியாகவும் குளிர் தெரிந்தது.

கமால் வெளியே தனியாக நின்றிருந்தார். தங்கையின் பிள்ளைகள் நெருங்கியபோது பின்னால் நகர்ந்துகொண்டார்.

மர்ஜானா வாசலுக்கு வந்தாள்.

"உள்ள வாங்கண்ணே. தொட்டா வராதாம்."

அவர் வந்து அவள் கையிலிருந்த தண்ணீர்க் குவளையை வாங்கிக்கொண்டார்.